இடிந்தகரையைக் கேட்டார்களா?

அன்பு மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை.

ஜப்பான்காரனே அணு உலையைத் திரும்ப ஓட்டுகிறான், நமக்கென்ன தயக்கம் என்று கேட்டிருந்தாய். உண்மைதான், 2011-ல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தும் 2015-லேயே செண்டாய் உலையை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலைகளையும் மூடியது. நிலக்கரியை எரித்துக்கொண்டே, ஓடுகிற உலையை மூடியது தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. கமுதியில் 648 மெகாவாட் சோலார் இருக்கிறது, ஆனால் பொழுது சாய்ந்தால் அது ஓய்ந்துவிடும். முப்பந்தல் காற்றாலைக்கும் சீசன் உண்டு. உலை ராத்திரி பகல் ஓடும்.

2012-ல் கரண்ட் கட்டால் நம் செல்லூர் பட்ட பாடு உனக்கே தெரியும். தறிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்திருப்பார்கள். நடுச்சாமத்தில் பல்பு எரிந்தால் எழுந்து தறியை ஓட்டுவார்கள். ஒரு முழம் நெய்வதற்குள் மறுபடி இருட்டு. 'கூடங்குளத்தைச் சீக்கிரம் திறக்கட்டும்' என்று தெருவெல்லாம் பேச்சு. நானும் அதைத்தான் விரும்பினேன். அதே நாட்களில் கூடங்குளத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான இடிந்தகரையில், உலை வேண்டாம் என்று மாதாகோயில் பந்தலில் பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. கரண்ட் நமக்கு, பயமும் வழக்கும் அவர்களுக்கு. இன்னும் மனசு ஆறவில்லை மாப்ள.

பின்லாந்தைப் பார். எரிந்து முடிந்த யுரேனியத்தைப் புதைக்க ஒன்கலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்திருக்கிறார்கள். அந்தக் கழிவில் இருக்கும் புளுட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 வருஷம் ஆகும். அதை ஏற்பதா வேண்டாமா என்று சொல்லும் உரிமை யூராயோக்கி என்ற சின்ன ஊருக்குச் சட்டப்படி இருந்தது. 2000-த்தில் அந்த ஊர் மன்றமே ஓட்டுப்போட்டுச் சரி என்றது. அது 'வேண்டாம்' என்றிருந்தால் அரசாங்கம் அங்கே கை வைத்திருக்க முடியாது.

2047-க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்கிறது நம் அரசு. இப்போதிருப்பது சுமார் 9,000. அப்படியானால் இன்னும் எத்தனை கடற்கரை ஊர்கள்? போகட்டும், அணுமின்சாரம் வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். ஆனால் உலை வருகிற ஊரின் கிராமசபைக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் முதலில் வரட்டும். நம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். அது போதவில்லை. மேலூரிலிருந்து மதுரைக்கு ஜனங்கள் திரண்டு நடந்து வந்த பிறகே 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். ஒவ்வொரு ஊரும் இப்படி நடக்க வேண்டுமா?

நீ இதற்கு என்ன சொல்கிறாய் என்று எழுது. அப்புறம், சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கேட்டுவிட்டாயா? எதிர்சேவை அன்றைக்கே வந்துவிடு, மாடி ரூம் காலியாகத்தான் இருக்கிறது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் செல்லூர் மாப்ள