கூழாகிப் போன நாவல்

அன்புள்ள நண்பா,

எழுத்துகள் இப்படி ஊறிப் பரந்து கிடப்பதைப் பார்த்து, எனக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதென்று முடிவுகட்டிவிடாதே. குற்றம் தாளுடையது. என் பேத்தியும் அவளுடைய கூட்டாளிகள் நால்வரும் பழந்தாளைக் கூழாக்கிச் செய்த தாள் இது. மேலே கஞ்சிப் பூச்சு இல்லாததால் மையைக் குடித்துவிடுகிறது. எட்டு மாதங்களாகக் கடிதம் எழுதாத குற்றம் மட்டும் என்னுடையது. இங்கே அனைவரும் நலம். முழங்கால் பழையபடியே இருக்கிறது.

தாளில் இலேசான நீலம் ஓடுவதைக் கவனித்தாயா? அது என் நாவல். ஆம், "எந்த அத்தியாயத்தில்தான் மழை நிற்கும்?" என்று இருபது ஆண்டுகளாக நீ கேட்டுக்கொண்டிருந்தாயே, அதே நாவல்தான். அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ள தாள்களை எல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளிடம் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, கையெழுத்துப் படியும் அங்கேதான் இருக்கிறது என்பதை மறந்து உறங்கப் போனேன். மறுநாள் காலையில் 212 பக்கங்களும் தபால்தலை அளவில் கிழிக்கப்பட்டு வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. கத்திவிட்டேன். பேத்தி பதில் பேசாமல் ஈரக் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே வந்து, "தாத்தா, வழவழப்பான பத்திரிகைத் தாள் சேறாகிவிட்டது, உங்கள் தாள்தான் நன்றாக வருகிறது" என்றாள். என் நாவலை ஒருவர் பாராட்டியது அதுவே முதல் முறை. (வழவழப்புத் தாளின் மேல் களிமண் பூசியிருப்பார்கள், சேறானதற்குக் காரணம் அதுதான்.)

அதன் பிறகு நானும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டேன். பழைய படச்சட்டத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டி, கூழ் கலந்த நீரில் சாய்த்து அமிழ்த்தி, கிடையாகத் தூக்கி, நீர் வடியும்போதே இலேசாக அசைத்துப் பிறகு துணியின்மேல் கவிழ்க்க வேண்டும். இதில் அந்த ஐந்து பேரையும்விட மோசமான கை என்னுடையதுதான். பசை ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை. நீர் வற்ற வற்ற நார்கள் நெருங்கி, தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் கொஞ்சம் குட்டையாகிறது என்பதால், ஏழெட்டுப் பிறவிக்கு மேல் அது தாளாகத் தாங்குவது அரிது. அச்சிட்ட தாளிலிருந்து மையைக் கழுவிப் புதுத்தாள் செய்யும் முறையை ஜெர்மானியச் சட்டப் பேராசிரியர் யுஸ்டஸ் கிளாப்ரோத் 1774-இலேயே வெளியிட்டார் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். "மையை ஏன் கழுவ வேண்டும், நீலம் அழகாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார்கள்.

செய்தித்தாள் மேலிருந்து கீழாக நேராகக் கிழிகிறது, குறுக்கே கிழித்தால் கோணிப் போகிறது என்பதை நீயும் நானும் அறுபது வயதுவரை கவனித்ததில்லை. கூட்டத்திலேயே சிறியவன் அதைக் கண்டுபிடித்தான். ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே நார்களும் படுத்துக்கொள்வதால் அப்படி ஆகிறது. உடனே அவன் எங்கள் கைத்தாள் ஒன்றை இரண்டு பக்கமும் கிழித்துப் பார்த்து, "இது எந்தப் பக்கமும் ஒழுங்காகக் கிழியவில்லை" என்று அறிவித்தான். எங்கள் சட்டத்தில் நார்கள் மனம்போன திசையில் கிடக்கின்றன அல்லவா?

உன்னிடம் சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. அதே சிறுவன் கவிழ்த்த கிண்ணத்தின்மேல் செய்தித்தாள் கீற்றுகளை மாவுப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டி, மூன்று நாள் காயவைத்து, ஒரு கிண்ணம் செய்தான். விளிம்பு பிசிறாக இருந்தது. அவன் அந்தப் பக்கம் போன நேரத்தில் நான் கத்தரிக்கோலை எடுத்து அழகாக வெட்டிச் சீராக்கி வைத்தேன். திரும்பி வந்தவன் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "இது உங்களுடையது" என்று சொல்லிவிட்டு, வேறு கீற்றுகளைக் கிழிக்கத் தொடங்கினான். நம் ஓவிய ஆசிரியர் என் படகுக்குத் தம் தூரிகையால் பாய் வரைந்து கொடுத்த நாளில் நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். பிறகு அந்தப் படத்தை நான் என்ன செய்தேன் என்பதும் உனக்குத் தெரியும். நாவல் போனதற்கு ஒரு பகல்தான் வருந்தினேன். இதற்கு இரண்டு இரவாகத் தூக்கமில்லை. இப்போது அவர்கள் வேலை செய்யும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அது சுலபமாக இல்லை.

பழந்தாள் தீர்ந்துகொண்டிருப்பதால் உன்னிடம் இருப்பதை அனுப்பு. கடைகளில் சூடாக்கி அச்சிட்டுத் தரும் வழவழப்பு ரசீதுகள் மட்டும் வேண்டாம். அவற்றின் பூச்சில் பெரும்பாலும் பிஸ்பினால் வகை வேதிப்பொருள் இருக்கும், பிள்ளைகள் கையில் படக்கூடாது. உறைகளின் பிளாஸ்டிக் சாளரங்களைக் கிழித்துவிடு. உன் கவிதை நோட்டுகளின் தாள் நல்ல தடிமன் என்று நினைவு. அவற்றையும் அனுப்பத் துணிந்தால், நடுவில் உள்ள கம்பிகளை எடுத்துவிட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் நாவலாசிரியன்