மூடிய குழிகளுக்குப் பக்கத்தில் ஒரு தரைப்படம்: கொடுமணல் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஈரோடு மாவட்டக் கொடுமணலுக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, "அந்தப் பழைய ஊர் எங்கேங்க?" என்று கேட்கிறார்கள். அவர்கள் நிற்பதே அதன் மேல்தான். 1985 முதல் பல முறை அகழாய்வு நடந்த மண் இது. ஆய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவார்கள். கல்மணிகளும் தமிழி (பழந்தமிழ்) எழுத்து கீறிய பானை ஓடுகளும் வெளியூர் போய்விட்டன. எடுத்துப்போக முடியாத ஒன்று இங்கேயே இருக்கிறது: ஊர் அமைந்த இடம்.

நொய்யல் ஆற்றின் வடகரை. மேற்கே போனால் பாலக்காட்டுக் கணவாய், அதைத் தாண்டினால் சேரர்களின் பழைய துறைமுகமான முசிறி. கிழக்கே ஆற்றோடு போனால் கரூர். தெற்கே படியூரில் பெரில் என்னும் மணிக்கல், சிவன்மலைப் பக்கம் நீலக்கல், கிழக்கே சென்னிமலையில் இரும்புத்தாது. கல் வெட்டுகிறவனும் இரும்பு உருக்குகிறவனும் இங்கே பட்டறை போட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. குஜராத்துச் சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்கூட இங்கு வந்து மணியாகியிருக்கிறது. சங்க நூலான பதிற்றுப்பத்து சொல்லும் 'கொடுமணம்' இந்த ஊர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இதையெல்லாம் நின்று பார்க்க, 20 அடிக்கு 12 அடியில் சிமெண்டில் ஒரு தரைப்படமும் (தரையிலேயே அமைக்கும் நிலப்படம்) மேலே தகரக் கொட்டகையும் அமைக்கிறோம். வெள்ளியங்கிரியிலிருந்து காவிரி வரை நொய்யல் அதில் ஓடும். ஆற்றுக்கு என்ன நிறம் அடிப்பது என்று கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் வந்த காலத்தில் ஆளுக்கொரு நிறம் பார்த்திருக்கிறோம். கடைசியில் நீலம்தான். ஆனால் பாசனத்துக்கென்று கட்டி, 1992-க்குப் பிறகு சாயக்கழிவு தேங்கி, விவசாயிகளே தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன ஒரத்துப்பாளையம் அணையையும் படத்தில் விடாமல் காட்டுவோம்.

மொத்தச் செலவு 2,80,000 ரூபாய். கையில் 94,000 இருக்கிறது. நூறு ரூபாயானாலும் சரி, பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணம் முடியாதவர்கள் சிமெண்ட் மூட்டை தரலாம், இரண்டு நாள் கைவேலைக்கும் வரலாம். படத்தில் பதிக்க, தோட்டத்தில் கிடக்கும் வெங்கச்சங்கல் (வெள்ளைக் கல்) ஒரு கூடை கொண்டுவந்தாலும் சந்தோஷம்.

அப்புறம் ஒன்று. மழைக்குப் பின் தோட்டம், காட்டில் பழைய கல்மணி, ஓடு ஏதாவது கிடைத்தால் அதை நன்கொடையாக எங்களிடம் தர வேண்டாம். தொல்லியல் துறையினரிடம் ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
தரைப்படக் குழுவினர்