மொட்டை மாடியில் கேட்ட குரல்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உன் தம்பியின் குடியைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். அவனைக் குடிநோயாளிகள் கூட்டத்துக்கு அனுப்பு என்று நான் சொன்னதற்கு, "முகம் தெரியாதவர்கள் முன்னால் குடும்ப மானத்தைக் கப்பலேற்றச் சொல்கிறாயா?" என்று கேட்டிருக்கிறாய். என் மனைவியிடம் நானும் இதையேதான் கேட்டேன். ஆகவே, நடந்ததை எழுதுகிறேன்.

2020 ஏப்ரல். ஊரடங்கில் மதுக்கடைகள் மூடிக் கிடந்தன. குடிக்க வழியில்லாததால் குடிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது, குடியை விட நினைப்பவர்கள் கூடி, தங்கள் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இயக்கம். அதன் கூட்டங்கள் அப்போது கைபேசிக்கு வந்திருந்தன. மனைவி கெஞ்சியதால் ஓர் இரவு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியில் கைபேசியைச் சாய்த்து வைத்து, கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். யாரோ பேசிக்கொண்டிருந்தார். பின்னணியில் குக்கர் விசில். மோட்டார் அறையில் பழைய பெயின்ட் டப்பாவுக்குள் பாட்டிலை ஒளித்து வைத்ததையும், பந்து தேடப் போன மகள் அதை எடுத்து வந்து, "அப்பா, இது உங்களுடையதா?" என்று கேட்டதையும் சொன்னார். எனக்கு உடம்பு சில்லிட்டது. எங்கள் மோட்டார் அறையிலும் அப்படி ஒரு டப்பா இருந்தது. மனைவிக்குக்கூடத் தெரியாது. அவர் முடித்ததும் யாரும் புத்தி சொல்லவில்லை, பரிதாபப்படவும் இல்லை. நன்றி சொன்னார்கள், அடுத்தவர் பேசத் தொடங்கினார்.

நான் வாய் திறக்கப் பத்துக் கூட்டங்கள் ஆயின. "நான் ஒரு குடிநோயாளி" என்ற மூன்று சொற்களைச் சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது.

மே 7 அன்று சென்னைக்கு வெளியே கடைகளைத் திறந்தார்கள், நினைவிருக்கிறதா? தெருமுனை வரை வரிசை. சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். அங்கே நின்றபடி அந்தக் குக்கர் வீட்டுக்காரரை அழைத்தேன். "போகாதே" என்று அவர் சொல்லவே இல்லை. தானும் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். இருவரும் மதியச் சாப்பாடு வரை பேசினோம்.

இந்த இயக்கம் பிறந்ததே இப்படித்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொழில் கைவிட்ட நிலையில் ஹோட்டலில் தனியாக நின்றிருந்த பில் வில்சன், பாருக்குள் போகாமல் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் என்ற நிபந்தனையோடு வந்தவர், இரவு பதினொன்று தாண்டித்தான் எழுந்தாராம். அறிவுரை கேட்டுச் சலித்த காதுக்கு, தன்னைப் போலவே விழுந்தவனின் குரல் மட்டும் எப்படியோ கேட்கிறது.

கூட்டத்தில் கேட்டது கூட்டத்திலேயே நிற்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. குக்கர் வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் டப்பா கதையை உனக்கு எழுதினேன். குடித்த நாள்களை ருசித்து ருசித்துச் சொல்பவர்களும் வருவார்கள். எனக்கு அது பிடிக்காது; கேட்பவனுக்கு நாக்கு ஊறும். தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வை.

ஒன்றை மறக்காதே. தினமும் குடிப்பவனை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்தச் செய்யாதே. முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவரிடம் காட்டு. கூட்டம் மருந்துக்கு மாற்று அல்ல.

நீயும் உன் அம்மாவும் தனியாக ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும். குடும்பத்தாருக்கென்றே ஆல்-அனான் 1951இலிருந்து நடக்கிறது. என் மனைவி அதில் பேசிய பிறகுதான், இரவில் என் சட்டைப்பையைத் துழாவுவதை விட்டாள்.

தம்பியை வற்புறுத்தாதே. அடுத்த ஞாயிறு இரவு எட்டு மணிக்கு என்னோடு கேட்க மட்டும் வரச் சொல். கேமரா வேண்டாம், பெயர் வேண்டாம். அன்று நான் பேசுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழன்