எடைக்குப் போடும் முன் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் மாதம் ஒரு நாளாவது, ஜனங்கள் வீட்டில் கிடக்கும் பழைய பொருளையோ அதன் போட்டோவையோ கொண்டுபோய்க் காட்டி, இது என்ன, சுமார் எந்தக் காலத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஏற்பாடு வேண்டும். தருமபுரி அருங்காட்சியகத்துக்கும் இதே கோரிக்கைதான். விலை சொல்லச் சொல்லவில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. வயதையும் வகையையும் சொன்னால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

கேட்கக் காரணம், எங்கள் குடும்பத்தில் இப்போது பஞ்சாயத்தில் இருக்கும் ஒரு நிலக்கரி அடுப்பு. தாத்தா மத்திகிரிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல்காரராக இருந்தவர். ராணுவக் குதிரைகளுக்காக 1824ல் தொடங்கிய பண்ணை அங்கே இருந்ததால் ஓசூர் வட்டாரத்தில் துரைமார்களுக்குக் குறைவில்லை, குளிரும் அவர்களுக்குத் தோதான குளிர். அந்த வெள்ளைக்காரர் தன் ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன அடுப்பு பிற்பாடு பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில் புண்ணாக்கு மூட்டை வைக்கும் மேடையாகிவிட்டது. முழுக்க வார்ப்பிரும்பு. வளைந்த நாலு கால், மேலே பாத்திரம் வைக்க இரண்டு வாய், ஒவ்வொன்றுக்கும் வளையம் வளையமாகக் கழற்றுகிற மூடி, பக்கவாட்டில் ரொட்டி சுட ஒரு அறை, அடியில் சாம்பல் தட்டு. இரண்டு பேர் பிடித்தாலும் அசையாது.

பெரியப்பா காலமான பிறகு பாகம் பேசும்போதுதான் அடுப்பு எல்லார் கண்ணிலும் பட்டது. பழைய இரும்புக்காரர் வந்து கிலோக் கணக்குச் சொன்னார். சித்தப்பா மகன் போனில் ஏதோ வெளிநாட்டு அடுப்பைக் காட்டி, லட்சத்துக்குக் கீழே பேசக்கூடாது என்கிறான். அப்புறம் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, துரு ஏறிவிட்டது, வேறு யாரும் எடுக்க மாட்டார்கள், வேண்டுமானால் இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுத் தருகிறேன் என்றார். அதைச் சொல்லிக்கொண்டே கதவின் உள்பக்கம் இருந்த எழுத்தைத் துணியால் துடைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். யாரும் எடுக்காத சாமானின் எழுத்து இவருக்கு எதற்கு?

அந்த எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. பிரிட்டிஷ் சாமான்களில், வேறு யாரும் காப்பியடிக்காமல் இருக்க அரசிடம் பதிவு செய்த வடிவமாக இருந்தால், 1842 முதல் 1883 வரை வைர வடிவத்தில் ஒரு முத்திரை போட்டார்கள். 1884லிருந்து அதற்குப் பதிலாக ‘ஆர்.டி.’ (Rd, பதிவானது என்பதன் சுருக்கம்) என்ற எழுத்தும் ஒரு எண்ணும் வரும். அந்த எண்ணை வைத்து வடிவம் எந்த ஆண்டு பதிவானது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அது அடுப்பை வார்த்த ஆண்டு ஆகாது, ஏனென்றால் ஒரே வடிவத்தைப் பல வருஷம் வார்த்துக்கொண்டிருப்பார்கள். கம்பெனி பெயரும் அப்படித்தான். ஸ்காட்லாந்தின் கேரன் கம்பெனி 1759ல் தொடங்கி 1982ல் நொடித்துப்போகும் வரை வார்ப்பிரும்புச் சாமான் செய்தது, பெயரை மட்டும் பார்த்து ‘இருநூறு வருஷத்துப் பொருள்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். எங்கள் அடுப்பில் ‘ஆர்.டி.’ தெளிவாக இருக்கிறது, எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் துருவில் தின்னப்பட்டிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இருக்கிறதும் போய்விடும், அதனால் மேலே வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்து வைத்திருக்கிறேன். விற்பதற்கு முன் பளபளவென்று ஆக்குகிறேன் என்று சில்வர் பெயின்ட் அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். மண்ணைத் துடைத்து லேசாக எண்ணெய் தடவுவது போதும்.

விலையைக் குறைக்கும் சங்கதிகளையும் நாமே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கரி எரிய அடியிலிருந்து காற்று வர வேண்டும், அதற்காக உள்ளே ஒரு கம்பித்தட்டு இருக்கும், முதலில் வெந்து வளைந்து உடைவது அதுதான். மூடி வளையங்கள் காணாமல் போயிருக்கும். அடுப்பின் இரும்புப் பலகைகளைச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது சொத்தென்று இருக்கும். விரிசல் இருக்கிறதே என்று சாதாரண ராடு வைத்து வெல்டிங் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். எரிகிறதா பார்ப்போம் என்று வீட்டுக்குள் பற்றவைக்கவும் கூடாது. கரிப்புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு. பழைய அடுப்பில் கதவு இடுக்கை அடைக்கும் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதைப் பிய்த்துப் போடுவதும் ஆபத்து.

சித்தப்பா மகனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போனில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. அதுவும் பழுது பார்த்து, இன்றைக்கும் எரியக்கூடிய அடுப்புக்கு, குளிர் தேசத்தில். நம் ஊரில் இதை வாங்குகிறவர் ரிசார்ட்டிலோ காபிக் கடையிலோ அலங்காரமாக வைப்பவர்தான். அவருக்குக் கால் நாலும் ஒழுங்காக இருக்க வேண்டும், கதவில் பூவேலை தெரிய வேண்டும், அவ்வளவுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் இரும்பு விலைக்கும் லட்சத்துக்கும் நடுவில் ஒரு நியாயம் பிடிபடும்.

இதில் சட்டமும் இருக்கிறது. 1972ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, பழங்காலத்துக் கலை, கைத்தொழிலைக் காட்டும் பொருள் நூறு வருஷத்துக்குக் குறையாமல் இருந்தால் அது தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தொல்பொருளை வாங்கி விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். அப்படியானால் எங்கள் அடுப்பு நூறு வருஷம் தாண்டியதா இல்லையா? சாதாரண ஆள் இதை யாரிடம் கேட்பது? இப்போதைக்குப் பதில் சொல்கிறவர் வாங்க வந்த வியாபாரி மட்டும்தான், பொருளைக் குறைத்துச் சொல்வதில்தான் அவருக்கு லாபம்.

இவ்வளவு பேச்சிலும் அத்தையிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. தாத்தா உயில் எழுதாமல் போனவர், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அது போகட்டும், அடுப்பு யார் வீட்டிலிருந்து வந்தது, மாட்டுவண்டியில் எப்படி ஏற்றினார்கள் என்று தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். அவர் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டேன். நல்ல வியாபாரி இந்த மாதிரிக் கதைக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுப்பான்.

அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் இருக்கிறார், கட்டடம் இருக்கிறது, புதிதாகச் செலவு ஒன்றும் இல்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கமிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்துபோவதற்கே ஒரு நாள் ஆகிவிடும். ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கும் திங்கட்கிழமைகளில் ஒன்றையே இதற்கும் வைத்தால், மனு கொடுக்க வருகிறவர்கள் போட்டோவையும் கையோடு எடுத்து வருவார்கள். ஆட்சியர் பார்வைக்கு இது போகும்படி வெளியிட்டால் நன்றி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.