பால் பைத்தான் இணைசேர்ப்பு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து உறுப்பினர்கள் சிலர், பால் பைத்தான் (ball python) எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பில் இரண்டு வயதான பெண்ணை இணைசேர்க்கலாமா என்று கேட்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

வயதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஆண் பாம்பு ஏறத்தாழ 700 கிராம் எடையில், ஒன்றரை வயதிலேயே தயாராகிவிடும். பெண்ணோ 1,500 கிராமைத் தாண்டி, மூன்று வயதையும் நிறைவு செய்திருப்பது நல்லது, ஏனெனில் முட்டைகளை உருவாக்கத் தன் உடலில் சேர்த்த கொழுப்பையே அது செலவிடுகிறது, அந்த நாட்களில் பல வாரங்கள் இரையைத் தொடாமலும் இருக்கக்கூடும். எடை கூட்டுவதற்காக எலியை அடுத்தடுத்துக் கொடுத்தால் தராசில் எண் ஏறுமே தவிர, உடல் முதிர்ந்துவிடாது. நான் அப்படி அவசரப்பட்டதில், என் பாம்பு நான்கே முட்டை இட்டு, முதுகெலும்பு கூரை முகடு போலத் துருத்த, தேறிவர ஓராண்டு பிடித்தது. தடவிப் பார்க்கும்போது முதுகு உருண்டு, தசை இறுகியிருக்க வேண்டும்.

இணைசேர்க்கும் பருவம் பெரும்பாலும் நமது உறைபனி மாதங்களிலேயே வருகிறது. சமவெளியில் வளர்ப்பவர்கள் இரவு வெப்பத்தைச் சற்றுக் குறைப்பார்கள். நமக்கோ குறையாமல் காப்பதே பாடு. பெட்டிக்குள் 24 டிகிரிக்குக் கீழே போகாதபடி, தெர்மோஸ்டாட் பொருத்திய வெப்பத் தகடு அவசியம். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் வேண்டும்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யாத பால் பைத்தானை இணைசேர்க்க வேண்டாம். குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும். தோட்டத்தில் பிடிபடும் நம்மூர்ப் பாம்புகளை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதால், அவை குறித்த கேள்விகளுக்கு இக்குழுவில் இடமில்லை.