ஏழு வாரக் குழந்தையின் வீட்டில் எனக்கு இடமளித்தவர்களுக்கு

அன்பும் மதிப்பும் மிக்க அனைவருக்கும்,

22 ஆண்டுகால நட்பில் முதன்முறையாக, இரண்டு குழந்தைகளின் தாயாக என் பள்ளித் தோழியை அவளது வீட்டில் அண்மையில் சந்தித்தேன். மூத்தவளுக்கு நான்கு வயது. இளையவன் பிறந்து ஏழு வாரங்களே ஆகியிருந்தன. அந்த மாலைப்பொழுது யாருக்கும் சுமையாகாமல் அமைந்ததற்குச் சிலர் காரணமாக இருந்தார்கள். அவர்களிடம் நேரில் நன்றி சொன்ன பிறகும் மனம் நிறையாததால், பலரும் அறிய இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, என் பயணத்தைத் தடுத்து நிறுத்திய செவிலியருக்கு உரியது. குறித்த நாளுக்குச் சற்று முன்பு எனக்கு இருமல் கண்டிருந்தது. சாதாரணச் சளிதானே என்று நான் புறப்பட்டிருப்பேன். மூன்று மாதம் நிறையாத குழந்தையின் மூச்சுக்குழல் மிகவும் குறுகலானது என்பதையும், பெரியவர்களுக்கு வெறும் இருமலாகக் கடந்துபோகும் தொற்று அந்த வயதில் மூச்சுத்திணறலாக மாறக்கூடும் என்பதையும், உடல்வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலே தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டிய பருவம் அது என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதற்கேற்பத் தம் விடுப்பை மாற்றிக்கொண்ட சக ஊழியருக்கும் என் நன்றி.

தோழியின் கணவர் முன்கூட்டியே எனக்கு எழுதியிருந்தார்: நான்கு மணிக்கு வாருங்கள், அழைப்பு மணியை அழுத்த வேண்டாம், கதவு திறந்தே இருக்கும். 'எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்' என்பதை உபசாரமாக எண்ணுகிறோம். உண்மையில் அது வருபவரைத் தடுமாறத்தான் வைக்கிறது. ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பாலூட்டும் தாய்க்கு எந்த மணி நேரம் சற்று எளிது என்பதை அந்த வீட்டார் மட்டுமே அறிவார்கள். அதை ஒளிக்காமல் சொன்ன அவருக்கு நன்றி.

நான்கு வயதுச் செல்வத்துக்கு எப்படி நன்றி சொல்வேன்? வாசலிலேயே என்னை நிறுத்தி, "பெரியம்மா, நீங்க தம்பியைப் பார்க்க வந்தீங்களா, என்னைப் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டாள். முதலில் மூத்தவளிடம் உட்காருங்கள் என்று தோழியின் தாயார் தொலைபேசியில் சொல்லியிருந்த அறிவுரையின் அருமை அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுடைய ஓவியங்கள் அனைத்தையும் பார்த்து முடித்த பின்னரே தம்பியிடம் போக அனுமதி கிடைத்தது. சோப்புப் போட்டு இருபது வரை எண்ணிக் கைகழுவ வைத்தாள். "கழுத்து இன்னும் நிக்கல, தலையைப் பிடிச்சுக்கணும்" என்று என் உள்ளங்கையைச் சரியான இடத்தில் வைத்தாள். "கிட்டப் போங்க, தம்பிக்குத் தூரம் தெரியாது" என்றாள். அந்த வயதில் 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள முகமே ஓரளவு தெளிவாகத் தெரியும் என்று நான் படித்திருந்ததை, அவள் தன் தம்பியிடமே கற்றிருந்தாள்.

இறுதியாக, என் தோழிக்கு. ஆறு ஆண்டுக் கதைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தவளிடம் நீ அரை மணி நேரம்தான் பேசினாய். பள்ளி மைதானத்தைப் பற்றிய ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே சோபாவில் உறங்கிப்போனாய். விருந்தாளி முன் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று நீ நினைக்காததைக் காட்டிலும் பெரிய வரவேற்பை நான் வேறெங்கும் பெற்றதில்லை. காய்ந்த துணிகளை நான் மடிக்க எடுத்தபோது உன் கணவர் தடுக்காமல் பாதியை என்னிடம் தள்ளியதையும், உன் மகள் சின்னச் சட்டைகளை மட்டும் தனக்கென்று பிரித்துக்கொண்டதையும் நீ பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்துக் கண்விழித்து, மன்னிப்பு எதுவும் கேட்காமல், அந்த வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாயே, அதற்காக உனக்கு என் நன்றி.

நிறைந்த அன்புடன்,
உன் பள்ளித் தோழி