மாமா, அது ரேஸ் வண்டி இல்லை

அன்புள்ள மாமாவுக்கு,

என் பழைய ஹோண்டா சிவிக் காரை நீங்கள் "ரேஸ் வண்டி" என்று கிண்டல் செய்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அம்மா அதை நம்பிவிட்டார். சனிக்கிழமை இரவு நான் சாவியை எடுத்தாலே அவர் முகம் மாறுகிறது. பொதுவில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்; உங்களைப் போன்ற மாமாக்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

கார் பைத்தியங்கள் என்றால் உங்கள் மனதில் ஓடும் படம் எனக்குத் தெரியும். நள்ளிரவில் கூடுவார்கள், பணம் கட்டிப் பந்தயம் விடுவார்கள், போலிஸ் வந்ததும் சிதறி ஓடுவார்கள். பாதிக்கு மேல் 2001இல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' கொடுத்தது அது. அந்தப் படத்துக்கு மூலம், 1998இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியான கட்டுரை. நியூயார்க்கில் தெருப்பந்தயம் ஓட்டியவர்களைப் பற்றியது. ஹாலிவுட் அதை வாங்கி, கதையை லாஸ் ஏஞ்சலிஸுக்கு நகர்த்தி, லாரிக் கொள்ளையையும் மாறுவேடப் போலிஸையும் சேர்த்துக்கொண்டது. நாங்கள் கொள்ளைக்கூட்டமானது அந்தத் திரைக்கதையில்தான்.

அதே படத்தை நாங்களும் பார்த்தோம், மாமா. உங்களுக்குக் கொள்ளை நினைவிருக்கிறது, எங்களுக்கு போனெட்டுக்குள் இருந்தது நினைவிருக்கிறது. சினிமா எங்களுக்குச் செய்த நல்லதையும் மறைக்க மாட்டேன். பால் வாக்கர் படத்தில் ஓட்டிய ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ரா 2021இல் 550,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. தோஃபு டெலிவரி செய்யும் பையனின் கதையான 'இனிஷியல் டி' 1995இல் மங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாகத் தொடங்கி, 2005இல் ஜே சோ நடித்த ஹாங்காங் படமாகவும் வந்தது. அதில் வரும் டொயோட்டா ஏஇ86, எண்பதுகளில் வந்த சாதாரண 1.6 லிட்டர் வண்டி. இன்று அதன் விலையைக் கேட்டால் அத்தை சோடா கொண்டுவர வேண்டியிருக்கும்.

அபத்தங்களும் உண்டு. கால் மைல் பந்தயம் என்பது 402 மீட்டர், நல்ல வண்டிக்கு 12, 13 வினாடி வேலை. படத்தில் அதற்குள் கியர் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எந்த வண்டியில் அத்தனை கியர் என்று யாராவது சொன்னால் தேவலை. பெண்களில் ஓரிருவரைத் தவிர மற்றவர்களுக்கு வண்டி மேல் சாய்ந்து நிற்பதுதான் வேலை. நான் பட்டறைக்குப் போனால் "அண்ணன் வண்டியாம்மா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியும் திரையிலிருந்து இறங்கி வந்ததுதான் என்பது என் கட்சி.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழான சிஓஇக்கு ஆயுள் 10 ஆண்டு. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கே அதன் விலை 106,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. நான் புதுக்கார் வாங்காமல், இருக்கும் சிவிக்குக்கு 5 ஆண்டு சிஓஇ நீட்டித்தேன். 10 வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை. சாலை வரியிலும் கூடுதல் கட்டணம், 10 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும். படத்தில் வண்டிக்கு அடியில் மின்னும் நியான் விளக்குக்கு இங்கே அனுமதியே கிடையாது. சட்டவிரோதப் பந்தயத்தில் பிடிபட்டால் வண்டியே பறிமுதலாகலாம். இவ்வளவு செலவழித்துக் காப்பாற்றும் ஒன்றை யாராவது லிம் சூ காங் சாலையில் பந்தயம் விட்டு இழப்பார்களா? சனிக்கிழமை நாங்கள் செய்வது, மாடி கார் பார்க்கின் மேல்தளத்தில் போனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவது. அப்புறம் கோப்பிக்கடை. இதை யாரும் படமாக எடுக்க மாட்டார்கள், போரடிக்கும்.

இழப்பவர்களும் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கு கார் பார்க் சரிவில் எக்சாஸ்டை அலறவிடுபவனைக் கண்டால் உங்களைவிட எனக்குத்தான் எரிச்சல், அவன் செய்வதற்கு நாங்கள் எல்லாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் தஞ்சோங் பகாரில் ஒரு பிஎம்டபிள்யூ கடைவீட்டில் மோதி எரிந்து 5 இளைஞர்கள் இறந்தது அம்மாவுக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. அதை உங்கள் கிண்டல் கிளறிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

நீங்களோ அஜித் ரசிகர்! 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் 3ஆம் இடம் பிடித்தபோது வாட்ஸ்அப்பில் பட்டாசு வெடித்தீர்கள். அதற்குச் சில நாள் முன்னால் பயிற்சியில் அவர் வண்டி தடுப்பில் மோதியது. அணியின் நலனுக்காக அந்த வண்டியை ஓட்டாமல் அவர் விலகிக்கொண்டார். திரையில் எந்த ஹீரோவும் அப்படி விலகியதில்லை. கார் பிரியர் என்றதும் அந்த மனிதர் ஏன் உங்கள் நினைவுக்கு வருவதில்லை?

வேகமாக ஓட்ட ஆசை வந்தால் எங்கள் ஆட்கள் எல்லை தாண்டி மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறார்கள். அடுத்த முறை போகும்போது உங்களுக்கும் ஒரு இடம் வைக்கிறேன். ஹெல்மெட் என் பொறுப்பு, கடவுச்சீட்டின் காலாவதியை மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். அம்மாவிடம் நீங்களே பேசுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்